கத்திரி முடிந்த பிறகும்

ஏப்ரல் 11

காலை நடையைப் பாதியிலேயே முடித்துக்கொண்டு திரும்பிவிட்டேன். ஏழு மணிக்கே சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. பூங்கா பெஞ்சில் என் வயதுக்காரர் ஒருவர், "சித்திரை பொறக்கட்டும் சார், அப்புறம் பாருங்க வெயில" என்றார். வெயில் மாசியிலேயே பிறந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கல்லூரியில் ஆயுள் முழுக்கப் புவியியல் நடத்தியவன், பூங்காவில் வாய் திறக்கப் பயப்படுகிறேன்.

மார்ச்சில் ஒரு வெப்ப அலை வந்து போய்விட்டது. அந்தக் காலத்தில் வெப்ப அலைப் பாடத்தை ஒரே வகுப்பில் முடித்துவிடுவேன். அரிதான நிகழ்வு, கடலோர நகரங்களில் இன்னும் அரிது, தேர்வுக்கு இரண்டு மதிப்பெண் கேள்வி. இப்போது அது விருந்தாளி மாதிரி இல்லை, குடக்கூலிக்கு வந்தவன் மாதிரி இருக்கிறது. வயதாகிவிட்டதால் எனக்கு அப்படித் தோன்றுகிறதோ? என்னையே பலமுறை சந்தேகித்துவிட்டு வானிலைத் துறையின் பழைய புள்ளிவிவரங்களை எடுத்துப் பார்த்தேன். என்னைச் சந்தேகித்தது வீண்.

ஏப்ரல் 14

சித்திரை முதல் நாள். எங்கள் துணிக்கடை வாசலில் "சுந்தரவல்லி நினைவு நீர்மோர்ப் பந்தல்" திறந்தார்கள்.

மகன் ராம்குமார் ஒரு வாரமாக இதே பேச்சாக இருந்தான். "அம்மா போயி முதல் வெயில்காலம்ப்பா. அவங்க பேர்ல எதாவது செய்யணும்." எனக்கும் நெஞ்சு நெகிழ்ந்தது, அதை மறைப்பானேன். இந்தக் கடை என் மனைவி சுந்தரவல்லியின் அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து தியாகராய நகரில் தொடங்கியது. பிறகு அவள் பார்த்துக்கொண்டாள். இப்போது எங்கள் மகன். நான் காலையில் போய் உள்ளே ஒரு நாற்காலியில் நாளிதழ் படித்துவிட்டு வருகிறவன். அதற்கு மேல் எனக்கு அந்தக் கடையில் சொல் இல்லை. இருந்ததும் இல்லை.

பந்தலைவிடப் பெரிதாக ஒரு பிளெக்ஸ். நடுவில் சுந்தரவல்லி. மகள் தாரணியின் கல்யாணத்தில் எடுத்த படம். கழுத்து நகையைக் கம்ப்யூட்டரில் இன்னும் பளபளப்பாக்கியிருந்தார்கள். பேட்டைப் பிரமுகர் ஒருவர் வந்து ரிப்பன் வெட்டினார். தண்ணீர்ப் பந்தலுக்கு ரிப்பன்! தர்ப்பூசணி, வெள்ளரி, மோர். முதல் தம்ளரை ஓர் ஆட்டோக்காரரிடம் நீட்டினார். "சார், ஒன்ஸ் மோர்" என்றார் போட்டோக்காரர். நீட்டிய தம்ளரைத் திரும்ப வாங்கி மறுபடி நீட்டினார். அதையும் வாங்கி இன்னொரு முறை. அந்த மனிதர் குடிப்பதற்குள் மோர் சூடாகியிருக்கும்.

பந்தலுக்கு இடம் வேண்டும் என்று ஹாஜிரா பீயைக் கிளப்பிவிட்டார்கள். கடைப் படியோரம், சன்ஷேடு நிழலில் உட்கார்ந்து ஊக்கு, ஹேர்பின், கைக்குட்டை விற்கிறவர். அறுபதைத் தாண்டியவர். இப்போது விளக்குக் கம்பத்தடியில், முழு வெயிலில், ஒரு கறுப்புக் குடையோடு.

"அம்மாதான் சார் என்னிய இங்க குந்தச் சொன்னாங்க. இப்ப அவங்க படத்த மாட்டியே என்னிய தூக்கிட்டானுங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ராம்குமாரிடம் பேசுகிறேன் என்றேன்.

பேசவில்லை.

ஏப்ரல் 17

பந்தல் பானைகளில் தண்ணீர் இல்லை. மூன்றே நாள்.

ஏப்ரல் 19

இன்று கேட்டேன். நேரடியாக அல்ல, தண்ணீர் லாரி வரவில்லையோ என்பதுபோல.

"அதில்லப்பா. கேன் தண்ணி ஊத்தினா பத்து மணிக்குள்ள காலி பண்ணிடறானுங்க. ஆட்டோகாரன்லாம் பாட்டில்ல புடிச்சிட்டுப் போறான். யாருப்பா ஊத்திட்டே இருக்கறது?"

பந்தல் தோற்றுப்போனதன் காரணம், ஜனங்கள் தண்ணீரைக் குடித்துவிடுகிறார்கள். குடிக்கத்தானேடா வைத்தோம்? இதை அங்கே கேட்கவில்லை. இங்கே எழுதுகிறேன். அருவருப்பாக இருக்கிறது, அவன் மேலா என் மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அந்தச் சமயத்திலேயே ஹாஜிரா பீயின் இடத்தைப் பற்றியும் சொல்லியிருக்க வேண்டும். கஸ்டமர் வந்துவிட்டார். அதைச் சாக்காக வைத்து எழுந்து வந்துவிட்டேன்.

ஏப்ரல் 27

இந்த வருடத்தின் இரண்டாவது அலை. கடற்காற்று பிற்பகல் மூன்று மணிக்குத்தான் தலைகாட்டியது. அதற்குள் எல்லாம் வெந்துவிட்டது.

மே 4

கத்திரி தொடக்கம். நாளிதழில் வழக்கமான படம்: துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு ஸ்கூட்டரில் போகும் பெண்கள். இன்று முதல் இருபத்தெட்டாம் தேதி வரை வெயில் கொளுத்தும் என்று போட்டிருக்கிறார்கள். அதுவரை அடித்தது என்னவாம்? நிலவா?

எங்கள் அடுக்குமாடியில் யாரிடம் பேசினாலும் இதேதான். "கத்திரி முடிஞ்சா சரியாயிடும் சார்." பஞ்சாங்கம் கிழித்த கோட்டுக்குள் வெயில் கைகட்டி நிற்கும் என்று நம்புகிறார்கள். ஒரு காலத்தில் அது ஓரளவு நின்றது, உண்மைதான். இப்போது கோட்டுக்கு முன்னும் பின்னும் அலை அலையாக வருகிறது. தினமும் வெயில் பார்க்கிற ஊர் இது. அதனால்தான் கூடுவது யார் கண்ணிலும் படவில்லை.

மே 9

ஒரு காரியம் செய்யலாம் என்று துணிந்து போனேன். ஒரு கேன் தண்ணீரைக் கடைப் பணிப்பெண் செண்பகம் தூக்கி வந்தாள். நானே பானையில் ஊற்றுவதாகத் திட்டம். பெரிய பானையின் மூடியைத் திறந்தேன்.

உள்ளே வாழைப்பழத்தோல், டீ குடித்த காகிதக் கப்புகள், பான்பராக் உறை. அடியில் யாரோ துப்பியிருந்த சிவப்பு. அதில் புழு நெளிந்தது. மேலே சுந்தரவல்லி சிரித்துக்கொண்டிருந்தாள்.

மூடியைப் போட்டுவிட்டு நடந்தேன். பின்னால் ஹாஜிரா பீயின் குரல்:

"இன்னா சார், பாத்துட்டீங்களா? தாகத்தோட வர்றவன் தொறந்து பாக்குறான், அப்பால நிமிந்து அம்மா மூஞ்சிய பாக்குறான். இன்னா வார்த்த சொல்றான்னு உங்களாண்ட சொல்ல மாட்டேன்."

கேனை அவர் பக்கத்தில் வைக்கச் சொல்லி செண்பகத்திடம் கைகாட்டினேன். வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். பானையைக் கழுவியிருக்கலாம் என்பது மாலையில்தான் தோன்றியது. எழுபதைத் தாண்டியும் எனக்கு எல்லாம் மாலையில்தான் தோன்றுகிறது.

மே 10

பானைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். செண்பகம்தான். யாரும் சொல்லவில்லையாம். "அம்மா படத்துக்குக் கீழ நல்லால்ல சார்" என்றாள்.

மே 23

தாரணி கூப்பிட்டாள். இங்கிலாந்தில் அவள் இருக்கும் சிற்றூரில் முப்பது டிகிரியைத் தாண்டிவிட்டதாம். மே மாதத்தில். எனக்குச் சிரிப்பு வந்தது. "முப்பதா? எங்களுக்கு அது மார்கழிம்மா" என்றேன்.

"சிரிக்காதீங்கப்பா" என்றாள். குரல் சரியில்லை.

அவள் போன புதிதில் ஒரு கோடை அப்படி வந்ததாம். எல்லோரும் புல்வெளியில் படுத்து ஐஸ்கிரீம் தின்றார்கள், ஊரே திருவிழாவாக இருந்தது என்று போட்டோ அனுப்பியது எனக்கும் நினைவிருக்கிறது. பிறகு மூன்று நான்கு கோடைக்கு ஒன்றுமில்லை. இப்போது சில ஆண்டுகளாக வருடம் தவறாமல், ஒரே கோடையில் இரண்டு மூன்று முறை. வீடெல்லாம் சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கக் கட்டியவை. மின்விசிறி மாட்டக் கொக்கி கூடக் கிடையாது. போன ஜூலையில் இரண்டு வீடு தள்ளித் தனியாக இருந்த கிழவர் நாற்காலியிலேயே இறந்து கிடந்திருக்கிறார். சில நாள் கழித்துத்தான் தெரிந்ததாம்.

"பக்கத்து வீட்ல அப்ப பார்ட்டிப்பா. தோட்டத்துல கறி சுட்டுட்டு இருந்தாங்க. நானும்தான் போயிருந்தேன். எல்லாரும் என்ன அருமையான வெயில், என்ன அருமையான வெயில்னு..."

அவள் நூலகத்தில் வேலை பார்க்கிறாள். இந்த வருடம் வெயில் நாட்களில் முதியவர்கள் வந்து உட்கார நூலகத்தைத் திறந்துவைக்கிறார்களாம். பாதிப் பேர் வருவதில்லை. தங்களுக்கு ஒன்றும் ஆகாது என்கிறார்களாம்.

என் சிரிப்பை நினைத்து வெட்கமாக இருந்தது. டிகிரியை வைத்துச் சிரிக்கிற புவியியல் ஆசிரியன். உடம்பு தனக்குப் பழகிய வெயிலோடுதான் ஒப்பிடுகிறது, பக்கத்து ஊரோடு அல்ல. இதை நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

மே 29

கத்திரி நேற்றோடு முடிந்தது. காலையிலேயே பந்தலைப் பிரித்துவிட்டார்கள். இன்று நேற்றைவிட வெயில் அதிகம்.

பிளெக்ஸைச் சுருட்டி மாடிக்கு அனுப்பினான் ராம்குமார். "தேதி போடாமத்தான்ப்பா அடிச்சேன். அடுத்த வருஷத்துக்கும் ஆகும்."

பந்தல் போனால் ஹாஜிரா பீ நிழலுக்குத் திரும்பிவிடுவார், நான் வாய் திறக்கவே வேண்டியிருக்காது என்று உள்ளூர எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தின் கோழைத்தனத்துக்குத் தண்டனைபோல, பத்து மணிக்கு ஏசிக்காரர்கள் வந்தார்கள். பட்டுப் பகுதிக்குப் புது ஏசி. அதன் வெளி மெஷினை சன்ஷேடுக்கு அடியில், அவர் உட்காரும் அதே இடத்தில் பொருத்திவிட்டார்கள். உள்ளே குளிர்வதற்காக வெளியே கொதிக்கிறது. கம்பத்தடியில் உட்கார்ந்திருப்பவருக்கு மேலே சூரியன், பக்கவாட்டில் மெஷின்.

"நல்லா கீது சார்" என்றார். "ரெண்டு பக்கமும் வேவுது. திருப்பிப் போட வேண்டிய வேல இல்ல."

ஜூன் 2

அடுத்த அலை. கத்திரிக்குப் பிறகு வந்ததால் நாளிதழில் ஆறாம் பக்கம்.

ஹாஜிரா பீயிடம், நண்பகலில் மட்டுமாவது வீட்டுக்குப் போங்களேன் என்றேன். அவர் வீடு ராயப்பேட்டையில். மொட்டை மாடியில் தகரம் போட்ட அறை. "அங்க போயி இன்னா பண்றது சார், இங்கியாச்சும் ஊக்கு விக்கிது" என்றார்.

ஜூன் 5

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

நண்பகலுக்குச் சற்று முன். கண்ணாடிக் கதவு வழியே பார்த்தேன், குடை மட்டும் ரோட்டில் உருண்டுகொண்டிருந்தது. ஹாஜிரா பீ பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தார். ஓடினேன். நான் ஓடி எத்தனை வருடம் ஆயிற்று. தோலைத் தொட்டால் சுடுகிறது, வியர்வையே இல்லை. கண் செருகியிருந்தது. ஏதோ உளறினார், உருதுவில். சுற்றி நின்றவர்கள் போன் எடுத்தார்கள் -- ஆம்புலன்ஸைக் கூப்பிட என்று நினைத்தேன். படம் பிடிக்கிறார்கள். தூ.

"உள்ள தூக்குங்க" என்று கத்தினேன். யார் கத்தியது என்று நானே திரும்பிப் பார்த்தேன். செண்பகமும் ஒரு ஆட்டோக்காரரும் தூக்கினார்கள். கடையிலேயே குளிர்ச்சியான இடம் பட்டுப் பகுதிதான். அங்கே வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் ஒரு கல்யாணக் கோஷ்டி முகூர்த்தப் புடவை பார்த்துக்கொண்டிருந்தது. நேராக அதன் மேலேயே கிடத்தினோம்.

"அய்யோ, புடவ! புடவ!" என்று ஒரு அம்மாள் அலறி, பட்டை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டார். "முகூர்த்தத்துக்கு எடுக்க வந்த எடத்துல இப்படியா அபசகுனமா?"

வாயில் தண்ணீர் ஊற்றப் போனார் ஒருவர். தடுத்தேன், நினைவில்லாதவருக்குப் புரையேறிவிடும். செண்பகம் விற்பனைத் துண்டுகளைக் கட்டோடு பிரித்து, நனைத்து நனைத்துக் கொடுத்தாள். கழுத்து, அக்குள், தொடை. விசிறிக்கொண்டே இருந்தோம். விரிப்பெல்லாம் தண்ணீர்.

ராம்குமார் மாடியிலிருந்து இறங்கி வந்தான். "என்னப்பா இது? ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு இல்ல? வாசல்லயே படுக்க வெச்சிருக்கலாமே! சீசன் டயத்துல..."

நான் நிமிரவில்லை. பயத்தினால் அல்ல என்று எழுத ஆசை. துண்டை மாற்ற வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஜூன் 6

அரசு மருத்துவமனையில் இருக்கிறார். நினைவு திரும்பிவிட்டது. சிறுநீரகம் பழைய நிலைக்கு வர நாளாகும், இனி வெயிலில் உட்காரவே கூடாது என்றார் டாக்டர். ஹாஜிரா பீ என்னைப் பார்த்ததும், "ஊக்கு டப்பா எங்க சார்?" என்றார். செண்பகம் எடுத்து வைத்திருக்கிறாள் என்றேன். கண்ணை மூடிக்கொண்டார்.

ஜூன் 9

இது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருக்க வேண்டும்.

யாரோ எடுத்த காணொளி ஊரெல்லாம் சுற்றுகிறது. நான் துண்டால் விசிறுவது, பின்னால் கடையின் பெயர். ராம்குமாருக்கு மூன்று நாளாக வாழ்த்து குவிகிறது. கடையின் கேமராவில் பதிந்ததையும் எடுத்து, பாட்டுச் சேர்த்து, கடையின் முகநூல் பக்கத்தில் போட்டுவிட்டான். "எங்கள் குடும்பத்தின் மனிதநேயம்." புடவையை அணைத்துக்கொண்ட அம்மாளை வெட்டிவிட்டார்கள். வாசலிலேயே படுக்கவைக்கச் சொன்னவனையும்.

தாரணியும் பார்த்துவிட்டாள். "பெருமையா இருக்குப்பா" என்று அனுப்பியிருக்கிறாள். அவளுக்கு என்ன பதில் எழுதுவது?

ஜூன் 11

ராத்திரிச் சாப்பாட்டில் ராம்குமார் மெதுவாக ஆரம்பித்தான். தொழில்முறையாக ஒரு காணொளி எடுக்க வேண்டுமாம். நான் இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம். "பேராசிரியர் அய்யாதுரைன்னு கீழ போடுவோம்ப்பா. நீங்க சொன்னாத்தான் எடுபடும்."

முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்த நொடியில் வேறொன்று வந்தது.

"வாசல்ல இருக்கிற மெஷினை மாடிக்கு மாத்து."

"எந்த மெஷின்?"

அவனுக்குப் புரியவே இல்லை. அந்த மெஷினும் ஹாஜிரா பீயும் அவன் மனதில் வேறு வேறு இடத்தில் இருக்கிறார்கள்.

"அந்த நெழல் ஹாஜிரா பீயோடது. உங்கம்மா குடுத்தது."

"அப்பா, பைப் நீளமாயிடும். கூலிங் கொறையும். சொன்னாப் புரிஞ்சுக்குங்க."

"அப்ப நான் பேசல."

தட்டைத் தள்ளிய வேகத்தில் ரசம் கொட்டிவிட்டது. மேசையைத் துடைத்துக்கொண்டே அவன் என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட வியப்புதான் இருந்தது. "சரிப்பா. மாத்திடறேன். இதுக்குப் போயி..." என்றான்.

ஜூன் 15

மெஷினை மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கேமரா முன் நின்றேன்.

முகத்தில் பவுடர் போட்டார்கள். "எங்கள் கடையில் வாடிக்கையாளர் மட்டுமல்ல, வாசலில் இருப்பவரும் எங்கள் உறவே." இதைத்தான் சொல்ல வேண்டும். "சார், கொஞ்சம் சிரிச்சிட்டே, ஒன்ஸ் மோர்." சிரித்தேன். திரும்பத் திரும்ப. வீட்டுக்கு வந்து வாய் கொப்பளித்தேன்.

பேரம் பேசி ஒரு பொய்யை விற்றிருக்கிறேன். நல்ல மனிதன் ஏப்ரலிலேயே, விற்க எதுவும் இல்லாத நேரத்திலேயே, அந்த நிழலைக் கேட்டு வாங்கியிருப்பான். ஹாஜிரா பீயின் சிறுநீரகமும் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 18

தாரணி ஊரில் மறுபடி அலை. நூலகத்துக்கு இன்று கூட்டம் வந்ததாம். அவளே வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிக் கூட்டி வந்திருக்கிறாள். காணொளியைப் பற்றி உண்மையைச் சொன்னேன். "நெழல் கெடச்சுதாப்பா?" என்றாள். கிடைத்தது என்றேன்.

ஜூன் 27

ஹாஜிரா பீ வந்துவிட்டார். பாதி உடம்பு. சன்ஷேடுக்கு அடியில், சுவரில் சாய்ந்து, ஊக்கு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு. அவரைப் பார்க்கத் துணிவில்லாமல் எதிர்ச்சாரியில் நடந்தேன். கண்டுபிடித்துவிட்டார்.

"சார்! அந்தாண்ட இன்னா கீது? இங்க வாங்க."

போனேன்.

"போன்ல பாத்தேன் உங்கள. நல்லாத்தான் பேசினீங்க. மூஞ்சி மட்டும் வெளக்கெண்ண குடிச்சாப்ல."

"எனக்கே அப்படித்தான் இருந்தது."

"உறவுன்னு வேற சொன்னீங்க. உறவுக்காரன் எதிர்ச்சாரில போவானா?" என்றார். பிறகு டப்பாவைக் கொஞ்சம் நகர்த்தி, "குந்துங்க. இன்னொரு ஆளுக்கு எடம் கீது" என்றார்.

படியில் உட்கார்ந்தேன். அப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை. அங்கிருந்து பார்த்தால் தெருவே வெள்ளையாக எரிகிறது. நிழல் எவ்வளவு குறுகல் என்று அங்கே உட்கார்ந்தால்தான் தெரிகிறது. காலை மடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு பெண் ஹேர்பின் கேட்டாள். சில்லறையை நான் எடுத்துக் கொடுத்தேன்.

கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு ராம்குமார் வந்தான். "அப்பா, எந்திரிங்க. எல்லாரும் பாக்கறாங்க. உள்ள வந்து உக்காருங்க."

"உள்ள ரொம்பக் குளிருதுப்பா" என்றேன்.

ஹாஜிரா பீ முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அவன் உள்ளே போய்விட்டான்.

நாளை மறுநாளிலிருந்து இன்னொரு அலை என்கிறார்கள். ஒரு முக்காலி கொண்டுபோக வேண்டும். படி முதுகுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.